ஆத்தாவுக்குப் போட்ட இலை

தீபாவளி மத்தியானம் படையலுக்கு இலை போட்டதும், நான் பலகையை ஒட்டிச் சுவரில் முதுகைச் சாய்த்து நின்று இலையை ஒரு தடவை பார்த்துவிட்டு வருவேன். அதைப் பிள்ளைகள் எல்லாரும் கேலி செய்கிறீர்கள். போன தடவை சின்னவன் என்னைப் போலவே நடந்து காட்டினான். நானும் சேர்ந்துதான் சிரித்தேன். ஆனால் அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எழுதுகிறேன். எட்டாவது வரை படித்தவன் எழுதுவது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் ஆத்தா இறந்தபோது எனக்கு ஒன்பது வயது. என் அக்காளுக்கு, அதாவது உங்கள் அத்தைக்கு, பதினாறு. வருசம் திரும்புவதற்குள் கல்யாணத்தை முடிக்க வேண்டும் என்று, செம்பட்டிக்குப் பக்கத்தில் தோட்டம் வைத்திருந்த உங்கள் மாமாவுக்கு அவளைக் கட்டிக் கொடுத்தார் என் அய்யா, உங்கள் தாத்தா. அவர் திண்டுக்கல்லில் புகையிலைக் கிட்டங்கியில் வேலை பார்த்தார். காலையில் போனால் இருட்டித்தான் வருவார். வீட்டில் சமைக்க ஆள் இல்லை. அதனால் அக்காள் புருசன் வீட்டுக்குப் போகும்போது என்னையும் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். மாட்டு வண்டியில் அவள் பெட்டி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். ஆறு வருசம் அவள் கையால்தான் சாப்பிட்டேன். பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியதும் அவள்தான்.

அக்காளுக்கு மூத்தது பெண். அக்காள் மகள் தாய்மாமனுக்குத்தான் என்பது எங்கள் பக்கத்து முறை. பிள்ளை பார்க்க வந்தவர்கள் எல்லாரும் என்னைப் பிடித்துத் தொட்டில் பக்கம் நிறுத்தி, "ஒம் பொண்டாட்டி வந்துட்டா, பாருடா" என்றார்கள். எனக்கு அப்போது பதினொரு வயது. அந்தப் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தவன் நான். மூக்குச் சிந்திவிட்டிருக்கிறேன், கிணற்றடியில் குளிப்பாட்டியிருக்கிறேன். பேன் வந்தபோது சீப்பு வைத்து வாரியதும் நான்தான்.

எட்டாவது முடிந்ததும் திண்டுக்கல்லுக்குத் திரும்பி, காய்கறிக் கமிஷன் கடையில் எடை போடும் வேலைக்குச் சேர்ந்தேன். வருசங்கள் ஓடின. அந்தப் பிள்ளை வயசுக்கு வந்தபோது தாய்மாமன் சீர் கொண்டுபோய் வைத்தேன். தாவணி கட்டி மணையில் உட்கார்ந்திருந்த பிள்ளையைப் பார்த்தபோதுதான், இதைக் கட்டிக்கொள்ள என்னால் முடியாது என்பது எனக்கு உறைத்தது. அவளிடம் ஒரு குறையும் இல்லை. என் மனசுக்கு அவள் குழந்தை. அவ்வளவுதான்.

அதை நான் நேராக செம்பட்டிக்குப் பஸ் ஏறிப் போய் அக்காளிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. எனக்குத் தைரியம் வரவில்லை. அய்யாவிடம் சொன்னேன். அய்யா, நானே பக்குவமாகச் சொல்கிறேன் என்றார். அவரும் இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளினார். அதற்குள் நத்தம் பக்கத்திலிருந்து உங்கள் அம்மாவின் ஜாதகம் வந்தது. அசல் குடும்பம்தான், சொந்தம் இல்லை. வெற்றிலை பாக்கும் மாற்றிவிட்டார்கள். அக்காளுக்குச் சொல்லாமலே மாற்றினோம், அதையும் எழுதத்தான் வேண்டும். செம்பட்டிச் சந்தையில் அக்காள் வெங்காயச் சாக்கோடு நின்றிருந்தபோது, ஒரு தரகர் வந்து, தம்பிக்கு நத்தத்தில் பொண்ணு முடிஞ்சிருச்சாமே, வெத்தல பாக்கு மாத்த நீ போகலையா என்று கேட்டிருக்கிறார். அவள் அந்தச் சாக்கை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள் என்று பின்னால் மாமா சொன்னார்.

எங்கள் கல்யாணத்துக்கு அவள் வரவில்லை. தாலியில் முதல் முடிச்சு மாப்பிள்ளை போட்டால், மற்றதை மாப்பிள்ளையின் கூடப் பிறந்தவள் போட வேண்டும். ஒன்றுவிட்ட அக்காள் ஒருத்தி வந்து போட்டாள். உங்கள் அம்மா அன்றைக்கு ஒன்றும் கேட்கவில்லை. மூன்றாம் நாள், "ஒங்க கூடப் பொறந்தவுக எங்க?" என்று மட்டும் கேட்டாள்.

அதிலிருந்து ஐந்து தீபாவளி. அக்காளுக்கும் எனக்கும் பேச்சு வார்த்தை இல்லை. அவள் மகளை ஒட்டன்சத்திரம் பக்கம் நல்ல இடத்தில் கட்டிக் கொடுத்தார்கள். தாய்மாமன் போட வேண்டிய மாலையை வேறு யாரோ போட்டார்கள். அய்யா மட்டும் போய்விட்டு வந்தார்.

உங்கள் மாமா மட்டும் இரண்டு பக்கமும் இருந்தார். தோட்டத்துக் காயை எங்கள் கடைக்குத்தான் கொண்டுவருவார். மத்தியானம் நம் வீட்டில் வந்து சாப்பிடுவார். சாப்பிட்டு முடித்ததும் இரண்டு வெற்றிலையைச் சேர்த்துப் போட்டு நன்றாக மென்றுவிட்டு, "மாப்ள, ஒங்கக்கா மோப்பம் பிடிச்சிருவா. இங்க கை நனைச்சேன்னு தெரிஞ்சா எனக்கு அங்க சோறு கெடையாது" என்பார். பகை இருக்கும் வீட்டில் சாப்பிடுவதை எங்கள் பக்கத்தில் கை நனைக்கிறது என்போம். பேச்சு இல்லாதவர்கள் நல்லது கெட்டதுக்கு வந்தாலும் கை நனைக்காமல் போய்விடுவார்கள்.

இனி சேலை விசயம். தீபாவளிக்கு ஆத்தாவின் பேரில் ஒரு புதுச் சேலை எடுத்து, பலகையில் வைத்து, முன்னால் இலை போட்டுப் படைப்போம். படைத்த சேலையை மகள் கட்டிக்கொள்ள வேண்டும். கல்யாணம் ஆனதிலிருந்து அக்காள்தான் காலைப் பஸ்ஸில் வந்து இலை போட்டுப் படைத்து, அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு போவாள். அவள் வருவது நின்ற பிறகு நான் படைத்தேன். சேலையை யாரும் கட்டவில்லை. உங்கள் அம்மா ஒவ்வொரு வருசமும் அதை மடித்து, வேப்பிலை போட்டு டிரங்குப் பெட்டியில் வைத்துவிடுவாள். அந்தக் காலத்தில் அவளுக்கு வெளியில் கட்ட இரண்டே சேலைதான். நீ கட்டிக்கொள் என்று நானே ஒரு தடவை சொன்னேன். அது என்னுது இல்லை என்று சொல்லிவிட்டாள்.

ஆறாவது தீபாவளிக்கு முன்னால் அய்யாவுக்குக் கண்ணில் புரை முற்றிவிட்டது. ஆளைக் குரலை வைத்துத்தான் கண்டுபிடித்தார். அவர் மாமாவிடம் சொல்லிவிட்டார்: அடுத்த வருசம் நான் இருப்பேனோ என்னமோ, என் மகள் வந்து இலை போடட்டும், அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு போகட்டும் என்று. அவர் கேட்டது அவ்வளவுதான். வருவாளா, வந்தாலும் உள்ளே கால் வைப்பாளா என்று எனக்கு ஒரு வாரம் தூக்கம் இல்லை.

தீபாவளி அன்று காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்து, இட்லியும் கறிக்குழம்பும் ஆனது. நான் வாசலுக்கும் வீட்டுக்கும் நடந்துகொண்டிருந்தேன். பதினோரு மணிக்கு மாமா தெருமுனையில் திரும்பினார். பின்னால் அக்காள். ஒரு கையில் துணி போட்டுக் கட்டிய தூக்குச்சட்டி, இன்னொரு கையில் பித்தளைக் கூஜா. தன் சோற்றையும் தன் தண்ணீரையும் செம்பட்டியிலிருந்து சுமந்துகொண்டு வந்திருந்தாள். மாமா அவளுக்குத் தெரியாமல் என்னைப் பார்த்துக் கூஜா பக்கம் புருவத்தைத் தூக்கிக் காட்டினார்.

நான் வாங்கக்கா என்றேன். அவள் என் தோளுக்கு மேல் பார்த்துக்கொண்டு உள்ளே வந்து, அய்யாவின் கட்டிலில் உட்கார்ந்தாள். அய்யா அவள் கையைத் தடவிப் பார்த்தார். உங்கள் அம்மா ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். அக்காள் அதை வாங்காமல் அய்யாவிடம், "இந்த ஊரு உப்புத்தண்ணி எனக்கு ஒத்துக்கிறதில்லைங்கய்யா" என்றாள். பிறந்து பதினேழு வயசு வரை அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவள்.

அடுத்த ஒரு மணி நேரமும் அப்படித்தான் போனது. நான் அதே அறையில்தான் நின்றேன். எனக்குச் சொல்ல வேண்டியதை எல்லாம் அவள் அய்யாவிடம் சொன்னாள். உங்க மகன் மெலிஞ்சுட்டாராய்யா, உங்க மகன் வீட்டு ஓடு ஒழுகுதாய்யா என்று. நான் பதிலை அய்யாவிடம் சொன்னேன். அய்யா நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தார். மூத்தவளே, உனக்கு அப்போது நாலு வயசு. நீதான் பயமில்லாமல் அவள் பக்கத்தில் போய் அந்தக் கூஜாவைத் தொட்டுப் பார்த்தாய். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டு அதன் மூடியில் ஊற்றிக் கொடுத்தாள். நீ இன்னும் வேண்டும் என்றாய். இன்னும் கொடுத்தாள். உங்கள் அம்மா அடுப்படிக் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

படையல் நேரம் வந்தது. தாயி, இலையைப் போடு என்று அய்யா மகளிடம் சொன்னார். அவள் எழுந்திருக்கவில்லை. அவரவர் வீட்டுப் படையலை அவரவர்தான் போட வேண்டும், நான் கும்பிட்டுவிட்டுப் போகிறேன் என்றாள். அய்யா அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. அவர் முகம் சுருங்கிப் போனது எனக்குத் தெரிந்தது. சரி, ஐந்து வருசமாகப் போட்டதுதானே என்று நானே உட்கார்ந்தேன்.

கிழக்குச் சுவரோரம் பலகை. அதில் மஞ்சள் தடவிய சேலை, பூ, விளக்கு. அதற்கு முன்னால் நுனி இலையை விரித்து, தண்ணீர் தெளித்துத் துடைத்தேன். இட்லி வைத்தேன். குழம்பு, பணியாரம், வாழைப்பழம், வெற்றிலை பாக்கு எல்லாம் உங்கள் அம்மா எடுத்துக் கொடுக்கக் கொடுக்க வைத்தேன். கட்டிலில் இருந்தவள் எழுந்து பின்னால் வந்து நின்றது எனக்குத் தெரியாது.

"எலைய எப்படிடா போட்டிருக்க?"

ஐந்து வருசத்துக்கும் மேல் ஆகிவிட்டது அவள் என்னிடம் பேசி. நான் திரும்பிப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, இலையைத்தான் பார்த்தாள். நான் இலையைப் பார்த்தேன். எனக்கு ஒரு தப்பும் தெரியவில்லை. நுனி இடது பக்கம்தானே இருக்கிறது என்றேன்.

"ஒனக்கு எடதுடா. அவ அங்கிட்டுல்ல உக்காந்திருக்கா."

இலையின் நுனி சாப்பிடுகிறவரின் இடது கைப் பக்கம் இருக்க வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும். நான் இந்தப் பக்கம் உட்கார்ந்து, எனக்குப் போட்டுக்கொள்வது போல ஆத்தாவுக்குப் போட்டிருந்தேன். ஆத்தா சுவரோரம், எங்களைப் பார்த்து உட்கார்ந்திருப்பதாகத்தான் கணக்கு. அவளுக்கு அது வலது பக்கம். சாவு வீட்டில்தான் அப்படி மாற்றிப் போடுவார்கள்.

"அஞ்சு வருசமாவும் இப்படித்தான் போட்டியா?" என்று கேட்டாள்.

ஆமா என்றேன்.

"அப்ப அஞ்சு வருசமா அவ திங்கல."

கட்டிலில் அய்யா என்ன, என்ன என்று கேட்டார். பிறகு அக்காள் உங்கள் அம்மா பக்கம் திரும்பினாள். அதுதான் உங்கள் அம்மாவிடம் அவள் பேசிய முதல் பேச்சு. "ஏம் புள்ள, நீயுமா பாக்கல? ஒங்க ஊர்ல எல போடத் தெரியாதா?"

உங்கள் அம்மா அசையாமல் நின்றாள். "முத வருசமே பாத்தேன் மதினி," என்றாள். "ஒங்க வீட்டு வழக்கம் அதுதான் போலன்னு இருந்துட்டேன். கேட்டா, வந்தவ குத்தம் சொல்றாம்பாங்க."

அதைக் கேட்டு முதலில் சிரித்தவர் மாமாதான். அடக்கப் பார்த்து முடியாமல் வேட்டி நுனியை வாயில் வைத்துக்கொண்டார். அக்காள் அவரை ஒரு முறை முறைத்தாள். ஆனால் உங்கள் அம்மாவைப் பார்த்தபோது அந்த முறைப்பு இல்லை.

அவள் என்னை எழுப்பி, பலகைப் பக்கம் போய்ச் சுவரில் சாய்ந்து நின்று அங்கிருந்து பார் என்றாள். போய் நின்றேன். அங்கிருந்து பார்த்தபோதுதான் எல்லாம் தலைகீழாக இருப்பது தெரிந்தது. குழம்பு ஒரு பக்கம், பழம் ஒரு பக்கம், கை எட்டாத இடத்தில் இட்லி. சேலை மடிப்பைச் சரி செய்வது போல் குனிந்துகொண்டேன்.

போட்ட இலையைத் திருப்பக்கூடாது என்று அதை அப்படியே எடுத்துக் காக்காய்க்கு வைக்கச் சொன்னாள். முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு உட்கார்ந்து, வேறு இலை வாங்கி விரித்தாள். ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டு வந்தவள் கையை நிறுத்தி, கொள்ளுத் துவையல் எங்கே என்றாள். கொள்ளுத் துவையலா என்று உங்கள் அம்மா கேட்டாள். எனக்கும் தெரியாது. ஆத்தாவுக்கு அது இல்லாமல் சோறு இறங்காதாம். நான் ஒன்பது வயசுப் பையன், ஆத்தா எனக்கு ஊட்டியது நினைவிருக்கிறது, அவள் எதைத் தின்றாள் என்பது நினைவில் இல்லை.

அக்காள் தன் தூக்குச்சட்டியை எடுத்து, துணியை அவிழ்த்தாள். புளிச்சோறும் கொள்ளுத் துவையலும் இருந்தன. நம் வீட்டில் கை நனைக்கக் கூடாது என்று கட்டிக்கொண்டு வந்த சோறு. அதை அள்ளி ஆத்தாவின் இலையில் வைத்தாள். மிச்சம் வைக்காமல் எல்லாவற்றையும் வைத்தாள். இலையில் இடம் போதாமல் புளிச்சோறு இட்லி மேல் ஏறிவிட்டது.

அய்யாவைப் பிடித்துக் கூட்டிவந்து சூடம் காட்ட வைத்தோம். கும்பிட்டோம். வழக்கப்படி எல்லாரும் செத்த நேரம் வெளியே வந்து கதவைச் சாத்தி நின்றோம், ஆத்தா சாப்பிடட்டும் என்று. அந்தக் கொஞ்ச நேரம் வாசலில் நானும் அக்காளும் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். மலைக்கோட்டைப் பக்கம் யாரோ சரவெடி போட்டார்கள்.

கதவைத் திறந்ததும், படைத்த இலையில் இருப்பதைப் பிள்ளைகள் சாப்பிட வேண்டும். அதுதான் முறை. அய்யா, ரெண்டு பேரும் உட்காருங்கள் என்றார். நான் உட்கார்ந்தேன். அக்காள் நின்றாள். எல்லாரும் அவளையே பார்த்தோம்.

"இது ஒன் வீட்டுச் சோறு இல்ல," என்றாள் அக்காள். "எங்காத்தா சோறு."

சொல்லிவிட்டு எனக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டாள். அவளுடைய புளிச்சோற்றை நான் தின்றேன். உங்கள் அம்மா வைத்த கறிக்குழம்பில் அவள் இட்லியைத் தொட்டாள். உப்புக் கொஞ்சம் கம்மி என்றாள், அதுவும் அய்யாவிடம். விக்கல் வந்தபோது கூஜாவைத் தேடினாள். அதில் இருந்ததை மூத்தவளே, நீ முக்கால்வாசி குடித்து மிச்சத்தைத் தரையில் கொட்டியிருந்தாய். உங்கள் அம்மா மறுபடியும் சொம்பை நீட்டினாள். வாங்கிக் குடித்தாள். ஒத்துக்கொள்ளவில்லை என்று அதன் பிறகு ஒருபோதும் சொன்னதில்லை.

சாப்பிட்டு முடிந்ததும் உங்கள் அம்மா டிரங்குப் பெட்டியைத் திறந்து, பழைய சேலை ஐந்தையும் கொண்டுவந்து, அன்றைக்குப் படைத்ததோடு சேர்த்து அவள் முன்னால் வைத்தாள். வேப்பிலைச் சருகு உதிர்ந்தது. அக்காள் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தாள். ஒரு மடிப்புக்கூடக் கலைந்திருக்கவில்லை. ஏன் கட்டவில்லை என்று கேட்டாள். உங்கள் அம்மா, படைத்தது உங்களுக்கு என்றாள். அக்காள் அன்றைக்குப் படைத்ததை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கட்டிக்கொண்டு வந்தாள். வந்து அய்யா முன்னால் நின்றாள். அவருக்குக் கண் தெரியாதே, முந்தானையைப் பிடித்துத் தடவிப் பார்த்தார். மற்ற ஐந்தையும் உங்கள் அம்மா மடியில் வைத்து, மருமகள் கட்டினாலும் ஆத்தாவுக்குச் சம்மதம்தான் என்றாள். உங்கள் அம்மா அதில் பச்சைச் சேலையை ரொம்ப நாள் வைத்துக் கட்டினாள். பிறகு அதுதான் சின்னவனுக்குத் தொட்டில் ஆனது.

சாயங்காலம் அவர்களைப் பஸ் ஏற்றப் போனேன். மாமா சுருட்டு வாங்கக் கடைப் பக்கம் போனார். வேண்டும் என்றுதான் போனார் என்று நினைக்கிறேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே சொன்னாள்.

"வேண்டாம்னு சொன்னியே, அதுக்கு இல்லடா. எங்கிட்ட வந்து சொல்லியிருந்தா ஒரு வாரம் அழுதுட்டு விட்டிருப்பேன். சந்தையில எவனோ சொல்லித் தெரியிற மாதிரி வச்சுட்டியே."

"தப்புத்தான்க்கா," என்றேன். ஐந்து வருசமாக என்னென்னவோ யோசித்து வைத்திருந்தேன். வாயில் வந்தது அதுதான்.

பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்த பிறகு ஜன்னல் வழியாக, கூஜாவை வீட்டிலேயே வைத்துவிட்டேன் என்றாள். ஓடிப் போய் எடுத்து வருகிறேன், வண்டி கிளம்ப நேரம் இருக்கிறது என்றேன்.

"இப்ப வேணாம். செம்பட்டிக்குக் கொண்டாந்து குடு," என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூஜாவைப் புளி போட்டு விளக்கி, உங்கள் அம்மாவையும் மூத்தவளையும் கூட்டிக்கொண்டு போனேன். வாசலில் எனக்குக் கால் தயங்கியது. அக்காள் மகள் தலைப் பிரசவத்துக்கு வந்திருந்தாள். நான் யார் முகத்தைப் பார்க்கப் பயந்தேனோ அவள்தான் முதலில் வெளியே வந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு கூஜாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"வாங்க மாமா. ஒரு கூஜா கொண்டாரதுக்கு அஞ்சு வருசமா?" என்றாள்.

உள்ளிருந்து அக்காள், வெயிலில் நிற்க வைத்துப் பேசாதே, இலையைப் போடு என்றாள். நாங்கள் கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்தோம்.